நிழலுக்குக் கட்டிய கயிறு

ரஷ்யாக்காரனோடு நடந்த சண்டை ஓய்ந்து, போன ஆட்களில் பாதிப் பேர் மட்டும் திரும்பி வந்திருந்த வருஷத்தில், ஜப்பான் தேசத்துத் தெற்குக் கடலோரம் உராகுசு என்கிற முப்பது வீட்டு மீன்பிடி ஊரில், மேட்டின் மேல் நின்ற பதினேழு கற்பூர மரங்களையும் அடியோடு வெட்டி மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மரங்கள் போயின, நிழல் போகவில்லை.

போகவில்லை என்றால் போகவில்லை, அவ்வளவுதான். வண்டிகள் கிளம்பிய மறுநாள், அடிக்கட்டைகள் மட்டும் மிஞ்சிய மேட்டில் வெயில் ஏறியதும், பதினேழு மரங்களின் நிழலும் கிளை கிளையாக, இலை இலையாக, நடுநடுவே வெளிச்சப் பொட்டுகளோடு வழக்கம்போல மலைப் பக்கம் விழுந்தது. உச்சிப் பொழுதில் சுருங்கியது. மத்தியானத்துக்கு மேல் கரையில் இறங்கி, படகுகளைத் தாண்டி, கடலுக்குள் நீண்டு படுத்துக்கொண்டது. காற்றடித்தால் ஆடவும் ஆடியது. நிமிர்ந்து பார்த்தால் வெறும் ஆகாயம். ஊர்க்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், குனிந்து பார்த்தார்கள், ஆளுக்கு ஒரு தடவை "சரிதான்" என்றார்கள், பிறகு படகைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள். அன்றைக்குப் பார்த்துக் கானாங்கெளுத்தி கூட்டமாக வந்திருந்தது, விட முடியுமா?

அந்த நிழல்தான் அவர்கள் சாமி. சிலை கிடையாது, படம் கிடையாது, மற்றக் கோயில்களில் யாரும் திறந்து பார்க்கக் கூடாது என்று பட்டுத்துணி சுற்றி வைத்திருப்பார்களே, அந்தப் பெட்டியும் கிடையாது. கோழிக்கூண்டு அளவுக்கு ஒரு மரக்கூடு, அதற்கு முன்னால் தோரி என்று சொல்லும் இரட்டைக்கால் வாசல், பெரிய மரத்தைச் சுற்றிப் புதுவருஷத்துக்குப் புதுவருஷம் மாற்றும் வைக்கோல் பிரிக் கயிறு, இவ்வளவுதான் கோயில். பூசாரியும் இல்லை, வருஷத்துக்கு ஒரு வீடு முறை வைத்துச் செய்தது. சாமிக்குப் பேரும் இல்லை. மேட்டில் இருப்பதால் மேட்டுக்காரி என்றார்கள். மேட்டுக்காரி கடலில் கை நீட்டினால் மீன் வரும் என்பது கதையல்ல, தொழில்: வெயில் பட்ட தண்ணீரை விட்டு நிழல் விழுந்த தண்ணீருக்கு மீன் ஒதுங்கும், சிப்பிகளும் அந்தப் பாறைகளில்தான் ஒட்டும், இது அந்தக் கடலோரத்தில் எல்லாருக்கும் தெரியும். ஊரில் பிறக்கும் பிள்ளைகளையும் அவளிடம்தான் காட்டுவார்கள். ஆண் என்றால் முப்பத்தோராம் நாள், பெண் என்றால் முப்பத்து மூன்றாம் நாள், நிழலுக்குள் கொண்டுபோய், தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி அழ வைப்பார்கள். அந்த அழுகையைக் கேட்டு மேட்டுக்காரி குரலை அடையாளம் வைத்துக்கொள்வாள். அதுவரைக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்த விருந்தாளிதான். விருந்தாளி எந்த நேரமும் எழுந்து போய்விடலாம்.

ஷிகேயின் பிள்ளைகள் இரண்டு அப்படி எழுந்து போயின. கடலில் மூச்சடக்கி இறங்கிச் சிப்பி எடுப்பவள் அவள், அந்தக் கரையில் அவளளவு நேரம் தண்ணீருக்குள் நிற்கக் கூடியவர்கள் யாரும் இல்லை. முதல் பெண் ஒன்பதாம் நாள் போனது. அடுத்த பையன் இருபத்தெட்டாம் நாள் போனான், மூன்றே நாள், மூன்று நாள் பொறுத்திருந்தால் காட்டியிருப்பாள். காட்டாத பிள்ளையை ஊர்க் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், செத்தவர்களுக்கு வைக்கும் பேர்ப்பலகையும் வைக்க மாட்டார்கள், "போனது போச்சு" என்று ஒரு வார்த்தையோடு முடித்துவிடுவார்கள். ஷிகேக்கு அது முடியவில்லை. முப்பத்தெட்டு வயதில் மூன்றாவதாக வயிற்றில் ஒன்று தங்கி, நாலாம் மாசம் நடந்துகொண்டிருந்தபோதுதான் மேட்டில் கோடரிச் சத்தம் கேட்டது.

ஈரத் துணியோடு, கையில் சிப்பி பெயர்க்கும் இரும்புப் பட்டையோடு, நேரே அண்ணன் தமேசோ வீட்டுக்குப் போனாள். தமேசோ ஊர்த்தலைவன், ஊர் முத்திரை அவன் இடுப்புப் பையில் இருந்தது. வலை பின்னிக்கொண்டிருந்தவன் தங்கை வந்து நின்றதைப் பார்த்துவிட்டு மறுபடியும் வலையைப் பார்த்தான்.

"யாரு முத்திரை குத்துனது?"

"நான்தான்."

"உன் கை விளங்குமா அண்ணே? மரத்த வெட்டுறானுங்க, தோரியப் பிடுங்குறானுங்க, நீ உக்காந்து வலை பின்னுற!"

"அரசாங்க உத்தரவு, ஷிகே. சின்னச் சின்னக் கோயிலையெல்லாம் பெரிய கோயிலோட சேக்குறாங்க. நம்ம ஊரு மட்டுமில்ல."

"என் வயித்துல ஒண்ணு இருக்கு. மூணாவது. அத யாருகிட்டக் கொண்டுபோய்க் காட்டுவேன்? அடிக்கட்டைகிட்டக் காட்டவா?"

தமேசோ ஊசியில் நூலைக் கோத்தான். அவள் கையில் இருந்த இரும்புப் பட்டையை அவன் வாசல் தூணில் ஓங்கிக் குத்திவிட்டு வந்தாள், அது அங்கேயே நின்றது, அவனும் அதைப் பிடுங்கவில்லை. அன்றையிலிருந்து அண்ணனை எங்கே கண்டாலும், கரையானாலும் கிணற்றடியானாலும், பத்துப் பேர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "சாமிய வித்தவன்" என்று சத்தம் போட்டுத்தான் பேசினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த வார்த்தை என்ன என்று நான் சொல்கிறேன், கேளுங்கள். உத்தரவுக்கு முந்தின வருஷம், மாவட்ட அலுவலகத்திலிருந்து எல்லா ஊருக்கும் ஒரு படிவம் வந்தது. உங்கள் ஊரில் கோயில் எத்தனை, சாமியின் பேர் என்ன, எழுதி அனுப்பு. பேர் இல்லை என்று எழுதி அனுப்பினான் தமேசோ. பேர் இல்லாமல் இருக்க முடியாது, சரியாக எழுது என்று படிவம் திரும்பி வந்தது. மறுபடியும் அனுப்பினான், மறுபடியும் வந்தது. மூன்றாம் தடவை, ராச்சாப்பாட்டுக்குப் பிறகு, படிவத்தை வைத்துக்கொண்டு அவன் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் தங்கை இருந்தாள். நகரத்துப் பெரிய கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்திருந்தவள். அங்கே மேளத்தோடு சொன்ன பேர்கள் காதில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தன. அந்தப் பெரிய கூரையையும் பட்டுத் திரையையும் பார்த்துவிட்டு வந்து நம்முடைய கோழிக்கூண்டைப் பார்த்ததில் அவளுக்குக் கொஞ்சம் மனசு சுருங்கியும் இருந்தது.

"நம்ம ஆளு என்ன மட்டமா? பெருசா ஒண்ணு போடு அண்ணே. அமதெராசுன்னு போடு."

"அது சூரியனாச்சே. பேரரசர் குலத்துக்கே மூத்த தாயி. நம்ம மேட்டுக்காரி நிழலு."

"சூரியன் இல்லாம நிழல் ஏது? போடு, போடு."

போட்டான். ஊரே கேட்டுப் பூரித்துப் போனது, அடேயப்பா, நம்ம மேட்டில் இருப்பது யார் தெரியுமா என்று. ஒரு வருஷம் முழுக்க அந்தப் பேரைச் சொல்லித்தான் கும்பிட்டார்கள். பிறகு பதில் வந்தது: இவ்வளவு உயர்ந்த தெய்வத்தைப் பூசாரியும் இல்லாத பாழடைந்த கூட்டில் வைத்திருப்பது பெரிய அவமரியாதை, ஆகவே உடனடியாக நகரத்துக் கோயிலோடு சேர்க்கப்படுகிறது, இனி தேவைப்படாத மரங்கள் அகற்றப்படும். பேர் இல்லாமல் இருந்திருந்தால் பத்துத் தடவை படிவம் போய்ப் போய் வந்து, கடைசியில் எங்காவது ஓர் அலமாரியில் தூங்கியிருக்கும். ஷிகேக்கு இது தெரியும். தெரிந்ததனால்தான் அவ்வளவு சத்தம். தன் வாயை அறைய முடியாதவள் அண்ணனை அறைந்துகொண்டிருந்தாள்.

இதற்குள் ஊர் நிழலுக்குப் பழகிவிட்டது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. மீன் வந்துகொண்டிருந்தது, சிப்பி ஒட்டிக்கொண்டிருந்தது, மத்தியானம் வெயில் ஏறியதும் ஆண்கள் பாயைத் தூக்கிக்கொண்டு போய் இல்லாத மரத்தடியில் படுத்துக் குறட்டை விட்டார்கள். வைகாசியில் கற்பூர மரம் பழைய இலையை உதிர்க்கும் அல்லவா, அப்போது நிழல் இலைகள் உதிர்ந்தன. பெண்கள் வழக்கப்படி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய், பெருக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் பெருக்கிவிட்டு வந்தார்கள். ஆவணிப் புயலில் நிழலின் கிளை ஒன்று முறிந்து தரையில் தனியாகக் கிடந்தது. அதை எடுக்கவும் முடியாது, மிதிக்கவும் மனசு வராது. எட்டு நாள் எல்லாரும் சுற்றிக்கொண்டு நடந்தார்கள், ஒன்பதாம் நாள் அது காய்ந்து மங்கிப் போனது.

புனிதமான இடத்துக்குக் கயிறு கட்ட வேண்டும் என்பது முறை. மரத்துக்குக் கட்டலாம், நிழலுக்கு எப்படிக் கட்டுவது? ஒரு வாரம் கூடிப் பேசினார்கள். கடைசியில் ஊரே சேர்ந்து நீளமாக வைக்கோல் பிரி திரித்து, நிழலின் விளிம்பு ஓரமாகத் தரையில் வளைத்துப் போட்டார்கள். போட்டுவிட்டு ஒரு வாய் சாக்கே என்கிற அரிசிக்கள் குடித்து நிமிர்ந்தால் நிழல் நகர்ந்துவிட்டது, கயிறு வெயிலில் கிடக்கிறது. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள், சும்மா இருப்பார்களா: முப்பது வீட்டுக்கும் முறை வைத்து, விடிந்ததிலிருந்து அந்தி வரைக்கும் ஒரு நாழிகைக்கு ஒரு வீடு என்று, முறைக்காரன் கயிற்றைத் தூக்கித் தூக்கி நிழலோடு நகர்த்திக்கொண்டே இருப்பான். மழை நாளில் விடுமுறை. இதில் அவர்களுக்கு ஒரு பெருமையும் வந்துவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்களின் மரமும் போய் நிழலும் போயிருந்தது அல்லவா?

"நமக்கு ஒரு குறையும் இல்ல ஷிகே," என்றாள் மத்சு. ஷிகேயின் புருஷனுடைய அக்கா, அந்த வீட்டின் சட்டதிட்டமெல்லாம் அவள் கையில். "நிழல் கெடக்கு, மீன் கெடக்கு. இன்னும் எதுக்கு ஊரக் கூட்டிச் சண்ட போடுற?"

"மரம் எங்க மதினி?"

"மரம் போனாப் போகட்டும்."

"நாளைக்கு உங்க தலைய வெட்டிட்டு நிழல மட்டும் விட்டுட்டுப் போனா, குறையில்லன்னு சும்மா இருக்கவா?"

ஊர் பழகிக்கொண்டதே என்கிற கோபம் ஷிகேக்கு. வெட்டுப்பட்டவளே ஆத்திரப்படாமல் நிழலை நீட்டிப் படியளந்துகொண்டிருக்கிறாளே என்று மேட்டுக்காரி மேலும் கோபம் வந்தது. போய் அடிக்கட்டை ஒன்றின் மேல் கை வைத்து, "உனக்கு ரோஷமே கிடையாதா?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

ரோஷம் இல்லாமல் இல்லை. அது போன இடத்தில் இருந்தது. வெட்டிய மரத்தைப் பலகையாக அறுத்து, மாவட்ட அலுவலகத்துக்குப் புதுக் கூடம் கட்டியிருந்தார்கள். கற்பூர வாசனை தெருவரைக்கும் அடித்தது. ஆனால் அந்தப் பலகைக்கு நிழல் கிடையாது. கூரை இருந்தது, சுவர் இருந்தது, மழை ஒரு சொட்டு உள்ளே வராது, வெயில் மட்டும் தடையே இல்லாமல் உள்ளே இறங்கியது, வெட்டவெளியில் உட்கார்ந்த மாதிரி. எழுத்தர்கள் கூரைக்குக் கீழே குடை பிடித்துக்கொண்டு எழுதினார்கள். மை கிண்ணத்திலேயே காய்ந்தது. மாவட்ட அதிகாரிக்கு மூக்குத் தோல் மூன்று தடவை உரிந்தது. யோசித்துப் பார்த்தவர் ஒரு முடிவுக்கு வந்தார்: வசந்தகாலத்தில் அவசரத்தில் சாமியின் பேரை எழுதிய காகிதத்தை மட்டும் எடுத்து வந்துவிட்டோம், சாமியை முறையாகக் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் சாமி வரும், சாமி வந்தால் நிழலும் கூடவே வந்து பலகையோடு சேர்ந்துகொள்ளும்.

ஐப்பசியில் அறிவிப்பு வந்தது. நகரத்துக் கோயிலிலிருந்து மூன்று பூசாரிகள் வெள்ளைப் பட்டுச் சுற்றிய பெட்டியோடு வருவார்கள். இந்தச் சடங்கை இருட்டில் செய்வதுதான் வழக்கம், ஆனால் இருட்டில் நிழல் வந்துவிட்டதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது, ஆகவே மத்தியானத்துக்கு மேல் நடக்கும். அன்று விடிந்ததிலிருந்து மேட்டில் யாரும் ஏறக் கூடாது. கயிற்று முறைக்காரன் மட்டும் இருக்கலாம், எதுவரைக்கும் கூப்பிட வேண்டும் என்று பூசாரிகளுக்கு எல்லை தெரிய வேண்டுமே.

ஷிகேக்குப் புரட்டாசியிலேயே பெண் பிறந்திருந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அறிவிப்பில் இருந்த நாள் முப்பத்து மூன்றாம் நாள்.

அந்தக் குழந்தை வேறு அழாத குழந்தை. பிறந்தபோது ஒரு முனகல், அவ்வளவுதான். பசித்தால் வாயைத் திறக்கும், சத்தம் வராது. ஏழாம் நாள் பேர் வைப்பது வழக்கம். ஷிகே வைக்க விடவில்லை. முதலிரண்டுக்கும் ஏழாம் நாளுக்கு முன்பே பேரை யோசித்து வைத்திருந்தவள் அவள். இந்தத் தடவை அந்த நினைப்பே கசந்தது.

"நகரத்துக் கோயில்லயே கொண்டுபோய்க் காட்டிருவோம்," என்றாள் மத்சு. "மேட்டுக்காரியும் அங்கதான வரப்போறா."

"அங்க இருக்கிறது யாரோ மதினி. இவள அவங்களுக்குத் தெரியாது."

"அதுக்காக நீயா தூக்கிட்டுப் போகப் போற? பெத்தவளுக்கு எழுபத்தஞ்சு நாள் தீட்டு. தோரிக்குள்ள கால் வைக்கக் கூடாது. நான்தான் தூக்கணும், எனக்குப் போலீஸ்காரன்கிட்ட அடி வாங்கத் தெம்பு இல்ல."

"தோரியத்தான் பிடுங்கிட்டுப் போயிட்டானுங்களே! வாசலே இல்லாத வீட்டுக்குள்ள வராதேன்னு சொல்ல எவன் இருக்கான்?"

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் நடுக்கம்தான். பிறந்ததிலிருந்து கேட்ட சட்டம் ஒரு நாளில் விட்டுப் போகுமா? அன்று மத்தியானம் ஊர் முழுக்கக் கரையில் வரிசையாக மண்டியிட்டிருந்தபோது, அவள் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு, தீட்டுக்காரர்கள் நடக்கும் பின்பக்கப் பாதையில், மலைப் பக்கமாக, முதுகில் வெயில் அடிக்க மேட்டில் ஏறினாள். போலீஸ்காரன் முன்பக்கம் நின்றான். தீட்டுப் பாதைக்கு யாரும் காவல் போடுவதில்லை.

மேட்டில் அதிகாரி உரிந்த மூக்கோடு நின்றார். மூன்று பூசாரிகள் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, முறைக்காரன் உட்கார்ந்திருந்தான். யார் என்று பார்த்தாள். அந்த நாழிகை தமேசோ வீட்டு முறை.

சாமி இடம் மாறும்போது யாரும் தலை தூக்கக் கூடாது என்பது சட்டம். ஊரே நெற்றி தரையில் பட விழுந்தது. மூத்த பூசாரி "ஓ" என்று நீளமாக ஒரு குரல் எடுத்தார், மூச்சு முடியும்வரை இழுத்தார், பிறகு பேரைச் சொன்னார். அமதெராசு. மறுபடியும் "ஓ", மறுபடியும் பேர். எல்லாரும் குனிந்திருந்தார்கள், கைப்பிள்ளையோடு குனிய முடியாமல் நின்ற ஷிகே ஒருத்தி மட்டும் பார்த்தாள். பேரைச் சொல்லச் சொல்ல நிழல் வெளுத்தது. ஒரு வருஷம் முப்பது வீடும் வாயாரச் சொல்லிப் பழக்கிய பேர் அல்லவா, அது ஒட்டிக்கொண்டுவிட்டது. முதலில் ஓரத்து இலைகள் போயின, பிறகு சின்னக் கிளைகள், பிறகு தரை அங்கங்கே பளிச்சென்று வெயிலானது. கயிற்றுக்கு வெளியே, ஒரு முழத்தில் நின்றுகொண்டு, அவள் குழந்தையின் தொடையைக் கிள்ளினாள். அழவில்லை. இன்னும் அழுத்திக் கிள்ளினாள், தோல் சிவந்தது. குழந்தை அவளைப் பார்த்தது, வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. ஒன்பதாம் நாள் ஒன்று. இருபத்தெட்டாம் நாள் ஒன்று. முப்பத்து மூன்றாம் நாள் இன்னொன்றா?

"நிறுத்துங்கடா!"

ஊரே அதிர்ந்தது. பூசாரியின் "ஓ" பாதியில் அறுந்தது. ஏழு மாசமாக அண்ணனைத் திட்டித் திட்டித் தேய்ந்த தொண்டையில், தண்ணீருக்குள் அத்தனை வருஷம் அடக்கி வைத்த மூச்சு மொத்தமும் சேர்ந்து வந்தது.

"அது அவ பேரே இல்ல! பொய்ப் பேரு! நான் சொன்ன பேரு! நகரத்துல மேளத்தக் கேட்டுட்டு வந்து, நம்ம சாமிய மட்டமா நெனச்சு, இந்த வாயால நான் சொன்னேன், எங்கண்ணன் எழுதுனான். ஏழு மாசமா அவன சாமிய வித்தவன்னு ஏசுனேன், வித்தவ நான்! அவளுக்குப் பேரு கெடையாது. எப்பவும் கெடையாது. சூரியனக் கூப்பிடணும்னா மேல பாத்துக் கூப்பிடுங்க, எங்க நிழலப் பாத்துக் கூப்பிடாதீங்க!"

அதிகாரியின் முகம் வெளிறி, பிறகு சிவந்தது. "பேரரசர் குலத் தாயின் பேரைப் பொய்யாக எழுதினீர்களா? இது என்ன குற்றம் என்று தெரியுமா உனக்கு?"

"தெரியும். எழுதிக்கோங்க."

"அப்படியானால் இங்கே இருக்கும் தெய்வத்தின் உண்மையான பேர் என்ன?"

"பேரு இல்லன்னு ரெண்டு தடவ எழுதி அனுப்புனோமே ஐயா, படிக்கலையா?"

"பேர் இல்லாத தெய்வம் பட்டியலில் இருக்க முடியாது!"

"எடுத்துடுங்க. இல்லன்னே எழுதுங்க. இல்லாதத எந்தப் பெட்டியில வச்சுத் தூக்குவீங்க?"

அவர் பூசாரிகளைப் பார்த்தார். மூத்த பூசாரி பெட்டியைப் பார்த்தார், பிறகு மெதுவாக அதை மூடினார். பேர் தெரியாமல் யாரைக் கூப்பிடுவது?

அம்மாக்காரி போட்ட சத்தத்தில் மிரண்டு போயிருந்த குழந்தை அப்போதுதான் மூச்சை இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது, நெஞ்சுக்கூடு புடைத்தது, பிறகு விட்டது பாருங்கள் ஓர் அழுகை, முப்பத்து மூன்று நாள் அழுகை மொத்தமும் சேர்த்து, கரையில் கிடந்தவர்கள் சட்டத்தை மறந்து தலை தூக்கினார்கள். நிழல் கறுத்தது. போன இலைகள் திரும்பின, போன கிளைகள் திரும்பின, காற்றில்லாமல் பதினேழு மரத்து நிழலும் ஒரு தடவை சிலிர்த்தது. பிறகு அது நகர்ந்தது. சாயங்கால நிழல் கடல் பக்கம்தான் நீள வேண்டும். இது மலைப் பக்கமாக, சூரியனுக்கு எதிராக, கயிற்றைத் தாண்டி, ஒரு முழம் ஏறி வந்து குழந்தையின் முகத்தின் மேல் நின்றது. ஷிகேயின் முகத்தின் மேலும் நின்றது. தீட்டு, எழுபத்தைந்து நாள், ஒன்றும் பார்க்கவில்லை.

தமேசோ எழுந்தான். முறைக்காரனுடைய வேலை நிழல் எங்கே போனாலும் கயிற்றை அங்கே கொண்டுபோவது. யாரையும் பார்க்காமல், யாரிடமும் கேட்காமல், வைக்கோல் பிரியைத் தூக்கி, தங்கையின் தலைக்கு மேலாகக் கொண்டுபோய், அவள் முதுகுக்குப் பின்னால் தரையில் போட்டான். இப்போது அவளும் பிள்ளையும் உள்ளே இருந்தார்கள்.

"ஒரு வார்த்த திருப்பிச் சொல்லியிருக்கலாமே அண்ணே," என்றாள் ஷிகே. இப்போது அழுகை அவளுக்கு.

"முத்திரை என் கையில இருந்துச்சு. குத்துனது நான்தான?"

"அத நான் மறக்க மாட்டேன். நான் சொன்னதையும் மறக்க மாட்டேன். வெட்டுன மரத்துக்கு இன்னும் பதில் வரல, சும்மா அழுதிட்டுப் போயிருவேன்னு நெனைக்காத. கயித்த ஒழுங்காப் போடு, கோணலாக் கெடக்கு."

அவன் குனிந்து கோணலைச் சரி செய்தான்.

அதிகாரிக்கு எதையாவது எழுதிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வெறும் கையோடு எப்படித் திரும்புவது? குறிப்பேட்டைப் பிரித்து, குற்றவாளி ஷிகே என்று எழுதினார். "கூட இருக்கும் குழந்தையின் பேர்?"

"வைக்கல."

"முப்பத்து மூன்று நாளாகியும் பேர் வைக்கவில்லையா? ஏன்?"

"வச்சா எடுத்துட்டுப் போயிருவீங்க."

அவளை மூன்று மாசம் உள்ளே வைத்தார்கள். மத்சு, அந்தச் சட்டதிட்டக்காரி, நாள் தவறாமல் குழந்தையைச் சிறை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பால் குடிக்க வைத்துவிட்டு வந்தாள். திரும்பி வந்ததும் ஷிகே செய்த முதல் வேலை, மலைக்குப் போய்ப் பதினேழு கற்பூரக் கன்றுகள் கொண்டுவந்து பதினேழு அடிக்கட்டைகளின் பக்கத்தில் நட்டது. அகற்று என்று மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது. எந்தக் கோயில் நிலத்தில் என்று கேட்டுத் தமேசோ பதில் எழுதினான், அங்கேதான் கோயிலே இல்லையே. அலுவலகத்தில் இன்றைக்கும் குடை பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள் என்று கேள்வி.

அந்தப் பெண் செத்துப் போகவில்லை. வளர்ந்தாள், அம்மாவைவிட நீளமாக மூச்சடக்கினாள், கன்றுகள் அவள் தோளைத் தாண்டியபோது அவற்றின் சின்ன நிழல்கள் பழைய பெரிய நிழலுக்குள் படுத்திருந்ததைத் தினமும் பார்த்தாள். ஏழு வயதில் அவளுக்கு ஒரு பேர் வைத்தார்கள், ஊரில் எல்லாருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். உங்களிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் யாராவது எழுதி வைத்துக்கொள்வீர்கள்.